முட்டம் வேறு, சின்னமுட்டம் வேறு

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் என்று ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. சின்னமுட்டம் என்று இன்னொன்றும் இருக்கிறது. பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். முட்டம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் சேர்ந்தது. கன்னியாகுமரியை ஒட்டியிருக்கும் சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேர்ந்தது.

இந்த வித்தியாசத்தில் பலருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று ஆண்டுதோறும் தடை விதிக்கிறார்கள். சின்னமுட்டத்தில் அந்தத் தடை ஏப்ரல் 15-ந் தேதி தொடங்கி ஜூன் 14-ந் தேதி முடிகிறது. முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் ஜூன் 1-ந் தேதி தொடங்கி ஜூலை 31-ந் தேதி முடிகிறது. இரண்டும் 61 நாட்கள்தான். ஆனால் நாட்கள் வேறு வேறு.

இப்போது ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஓர் அலுவலகத்தில் விசைப்படகுகளின் பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. படகின் எண், சொந்தக்காரர் பெயர், துறைமுகம், தடைக்காலம் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர், ஏ.ஐ. என்று இன்று எல்லோரும் சொல்கிற செயற்கை அறிவு உதவியாளனைக் கூப்பிட்டு, "முட்டம் என்று வருகிற வரிகளில் எல்லாம் தடைக்காலத்தை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாற்றிவிடு" என்கிறார்.

அது மாற்றிவிடுகிறது. ஒரு நொடியில் வேலை முடிந்துவிட்டது!

ஆனால் "சின்னமுட்டம்" என்ற சொல்லுக்குள்ளேயும் "முட்டம்" இருக்கிறது அல்லவா? அந்த வரிகளும் சேர்ந்து மாறிவிட்டன. விளைவு என்ன? சின்னமுட்டத்துப் படகுக்காரர் ஏப்ரல் 20-ந் தேதி பட்டியலைப் பார்த்தால், தடை இன்னும் தொடங்கவில்லை என்று இருக்கும். நம்பிப் போனால் சட்டத்தின் கையில் அகப்படுவார். ஜூன் 15-ந் தேதி பார்த்தால், ஜூலை 31 வரை தடை என்று இருக்கும். நம்பிக் கரையில் இருந்தால் 47 நாள் பிழைப்பு போச்சு.

ஒரு சொல்லைத் தேடியதில் நேர்ந்த பிழை இது. யந்திரத்துக்கு யார் மீதும் விரோதம் இல்லை. சொன்ன வேலையைத்தான் செய்தது. அப்படியானால் குற்றம் யாருடையது? அந்த யந்திரத்தின் கையில் கொடுக்கப்பட்ட "திருத்தும் கருவி"யின் மீதுதான் நாம் விரலை நீட்டவேண்டும். அந்தக் கருவியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

மூளை ஒன்று, கை ஒன்று

ஏ.ஐ. உதவியாளன் என்பது இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் மூளை. மற்றொன்று, காரியத்தைச் செய்யும் கை. மூளை வெறுமனே பேசிக்கொண்டிருந்தவரை ஆபத்து சிறிது. தவறாகச் சொன்னால் நாம் கேட்காமல் விட்டுவிடலாம். கை முளைத்த பிறகு கதை வேறு. அது நம்முடைய பைலைத் திறக்கிறது, அழிக்கிறது, எழுதுகிறது, மூடுகிறது.

அந்தக் கை என்பது பொறியாளர்கள் எழுதிவைத்த ஒரு சிறு நிரல்தான். "இந்தக் கோப்பைக் காட்டு", "இந்த வரியை எடுத்துவிட்டு அந்த வரியைப் போடு", "புதிய கோப்பை உண்டாக்கு" என்று நாலைந்து காரியங்கள் அதற்குத் தெரியும். பார்த்தால் அற்ப விஷயம். மூளையைப் பற்றி உலகமெல்லாம் பேசுகிறார்கள். கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலரே. ஆனால் நஷ்டம் வருவது கையின் வழியாகத்தான்.

மூளை எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும் சில சமயம் தப்புச் செய்யும். அப்படித் தப்புச் செய்யும்போது கை அதைத் தடுக்கவேண்டும். நம்முடைய கட்சி இதுதான்: உதவியாளன் ஜாக்கிரதையாக இருப்பான் என்று நம்பிக் கருவியைச் செய்யக்கூடாது. உதவியாளன் ஜாக்கிரதை இல்லாமல் போகும் நாளை மனத்தில் வைத்துக் கருவியைச் செய்யவேண்டும்.

2025-ல் நடந்தவை

இது கற்பனைப் பயம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மட்டும் உலகம் பார்த்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, அமெரிக்காவின் ரெப்ளிட் நிறுவனத்தினுடைய ஏ.ஐ. உதவியாளன் செய்தது. ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபர் அதைக் கொண்டு ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்தார். "இனி எதையும் மாற்றாதே" என்று தெளிவாகச் சொல்லியும் வைத்திருந்தார். அப்படியிருந்தும் அது அவருடைய தகவல் களஞ்சியத்தையே அழித்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய விவரங்கள் அதில் இருந்தன. அழித்ததோடு நிற்கவில்லை. பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் கொண்டுவர முடிந்தது! நிறுவனத்தின் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கு உரிய களஞ்சியத்தையும் உண்மையான களஞ்சியத்தையும் தனித்தனியே பிரித்துவைக்க ஏற்பாடு செய்வதாக அறிவித்தார்.

இதில் படிக்கவேண்டிய பாடம் என்ன? வாயால் சொல்லும் தடை தடையாகாது. "தொடாதே" என்று சொல்வது போதாது. தொட முடியாதபடி பூட்டு இருக்கவேண்டும்.

இரண்டாவது, கூகிள் நிறுவனத்தின் ஜெமினி உதவியாளன் செய்தது. ஒருவர் தம்முடைய கோப்புகளைப் புதிய போல்டர் ஒன்றுக்கு மாற்றச் சொன்னார். அது போல்டரை உண்டாக்க முயன்றது. உண்டாகவில்லை. ஆனால் உண்டாகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு கோப்புகளை ஒவ்வொன்றாக அங்கே அனுப்பியது. இல்லாத போல்டரின் பெயரே ஒவ்வொரு கோப்புக்கும் பெயராகி, முந்தியதன் மேல் பிந்தியது ஏறி உட்கார்ந்து, கடைசியில் மிஞ்சியவை போக மற்றவை மறைந்தன. இல்லாத பெட்டிக்குள் நகையைப் போட்டுப் பூட்டிய கதைதான். போட்ட பிறகு ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் முதல் கோப்போடு சங்கதி வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாவது சம்பவத்தில் நஷ்டம் நேர்வதற்கு முன்பே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டிருந்த கோப்புக் கருவி ஒன்றில், அனுமதித்த போல்டருக்குள் மட்டும் வேலை செய்யவேண்டும் என்று வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலி, பெயரின் ஆரம்பத்தை மட்டும் பார்த்தது. "படகு" என்ற போல்டருக்கு அனுமதி கொடுத்தால், "படகுவங்கி" என்ற போல்டருக்கும் கதவு திறந்துவிடும். அதுவும் "படகு" என்றுதானே தொடங்குகிறது? பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். "சின்னமுட்டம்" பெயரின் வால் ஏமாற்றியது. "படகுவங்கி" பெயரின் தலை ஏமாற்றியது. நோய் ஒன்றுதான்: பெயரில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு முழுதும் பார்த்ததாக நினைப்பது.

நல்ல கருவிக்கு நாலு குணம்

அப்படியானால் நல்ல திருத்தும் கருவி எப்படி இருக்கவேண்டும்? மற்றதை எல்லாம் விட்டு நாலே குணங்களைச் சொல்லலாம்.

முதற் குணம்: சந்தேகம் வந்தால் நின்றுவிடவேண்டும். மாற்றச் சொன்ன சொல் கோப்பில் எங்கும் இல்லை என்றால், "ஏறக்குறைய இதுதான்" என்று வேறொன்றை மாற்றக் கூடாது. இரண்டு இடத்தில் இருந்தால், தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இப்படி நடந்துகொள்ளும் கருவிகள் இன்று இருக்கின்றன. முன் சொன்ன ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் வேறொரு கருவியே இந்த விதியைக் கொண்டது. பழைய சொல் கோப்பில் ஒரே ஓர் இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் மாற்றும். இல்லாவிட்டால், "பொருந்தவில்லை" என்றோ "பல இடம் பொருந்துகிறது" என்றோ சொல்லித் திருப்பிவிடும். பல இடங்களை ஒருசேர மாற்றுவதுதான் வேலை என்றால், "இத்தனை வரி மாறப்போகிறது, இவற்றில் சின்னமுட்டம் என்று வருவன இத்தனை" என்று முன்கூட்டிக் காட்டவேண்டும்.

இரண்டாம் குணம்: எல்லையைத் தாண்டக் கூடாது. எந்த போல்டரைத் திறந்துவிட்டோமோ அதற்குள்ளேயே நிற்கவேண்டும். சில போல்டர்களுக்குள் வேறிடத்துக்குப் போகும் குறுக்கு வழிகள் இருக்கும். கம்ப்யூட்டர்க்காரர்கள் அதை "லிங்க்" என்பார்கள். ஓர் அறைக்குள் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கூடம் தெரிவது போல. அந்தக் கதவு கடைசியில் எங்கே போய் முடிகிறது என்று பார்த்த பிறகுதான் கருவி கால் வைக்கவேண்டும்.

மூன்றாம் குணம்: பழையதைப் பத்திரமாக வைக்கவேண்டும். மூலக் கோப்பின் மேலேயே எழுதத் தொடங்கினால், பாதியில் மின்சாரம் போய்விட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இதற்கு வெகுகாலமாக ஒரு நல்ல வழி இருக்கிறது. புதியதை வேறொரு தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, அது தட்டில் ஏறிவிட்டதை உறுதி செய்துகொண்டு, பிறகே பழையதன் இடத்தில் அதை வைப்பது. எந்த விநாடியில் மின்சாரம் போனாலும் முழுப் பழையது அல்லது முழுப் புதியது, இரண்டில் ஒன்று மிஞ்சும். இதோடு மாற்றத்துக்கு முந்திய நகல் ஒன்றும் தனியே இருக்கவேண்டும். "முன்பு போல ஆக்கு" என்றால் ஓர் எழுத்துப் பிசகாமல் ஆக்கவேண்டும்.

நான்காம் குணம்: எழுதிய பிறகு படித்துப் பார்க்கவேண்டும். "மாற்றிவிட்டேன்" என்று சொன்னால் போதாது. கோப்பை மறுபடி திறந்து, என்ன மாறியது என்பதைப் பழைய வரியும் புதிய வரியுமாகக் காட்டவேண்டும். அது போலவே, எழுதுவதற்கு முன்பும் ஒரு பார்வை வேண்டும். உதவியாளன் கோப்பைப் படித்தது பத்து மணிக்கு. எழுதப்போவது பத்தேகால் மணிக்கு. நடுவில் இன்னொருவர் அதே கோப்பில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் எழுதினால் அந்தப் பெயர் போய்விடும். போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. தான் படித்த கோப்புத்தானா இது என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி படிக்கவேண்டும்.

இப்படி எல்லாம் கட்டிப்போட்டால் உதவியாளனின் திறமை குறையாதா என்று சிலர் கேட்கலாம். குறையவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2024-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எஸ்.டபிள்யூ.இ. ஏஜெண்ட் என்ற முறையை வெளியிட்டார்கள். இலக்கணப் பிழையுள்ள திருத்தத்தை ஏற்க மறுத்து, பிழையை எடுத்துச் சொல்லும் கருவியை உதவியாளனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படித் திருப்பிவிடாத கருவியோடு செய்ததைவிட இதோடு அதிகப் பணிகளைச் சரியாக முடித்தது. தவறை அப்போதே சொல்லும் கருவி, வேலைக்காரனையும் நல்ல வேலைக்காரனாக்குகிறது.

தமிழ் வைக்கும் சோதனை

இங்கே நமக்கென்று தனியாக ஒரு கவலை இருக்கிறது. இந்தக் கருவிகளைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அவற்றை ஆங்கிலக் கோப்புகளை வைத்தே சோதிக்கிறார்கள். ஆங்கிலத்தில் தேறிய கருவி தமிழில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"முட்டம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் நாலு எழுத்து என்பான். மு, ட், ட, ம். ஆனால் கம்ப்யூட்டரின் யூனிகோடு கணக்கில் அது ஏழு குறிகள். உகரக் கொக்கி தனி, இரண்டு புள்ளிகளும் தனி. கோப்பில் அது பிடிக்கும் இடமோ 21 பைட். நாலு, ஏழு, இருபத்தொன்று! கருவி எந்தக் கணக்கில் எண்ணி எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்து, "முட்டம்" புள்ளியை இழந்து "முட்டம" என்று ஆகலாம். அல்லது கடைசி எழுத்து உடைந்து வெறும் கட்டமாகலாம்.

இன்னொரு பொறி. குளச்சலை அடுத்துக் கொட்டில்பாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் முதல் எழுத்தான "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதிவைக்க முடியும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம்; அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாக எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யந்திரத்துக்கு இரண்டும் வேறு. ஒரு விதமாக எழுதிய பெயரை மற்றொரு விதமாகத் தேடினால், "கொட்டில்பாடு என்று ஓர் ஊரே பட்டியலில் இல்லை" என்று பதில் வரும். ஊர் அங்கேயே இருக்கும்!

நம்முடைய வேற்றுமை உருபுகளும் சும்மா இருப்பதில்லை. "முட்டம்" என்று தேடினால் "முட்டத்தில்", "முட்டத்துக்கு" என்பன அகப்படமாட்டா. மகரம் போய்த் தகரம் வந்துவிடுகிறது. ஆகவே ஒரே தேடலில் வேண்டாத சின்னமுட்டம் வந்து மாட்டும். வேண்டிய முட்டத்தில் நழுவிப்போகும்.

இது போதாதென்று வேறு முட்டங்களும் உண்டு. கேரளத்தில் தொடுபுழைக்குப் பக்கத்தில் ஒரு முட்டம். ஆலுவாவுக்குப் பக்கத்தில் ஒரு முட்டம்; அங்கே கொச்சி மெட்ரோ ரயில் நிற்கிறது. எந்த முட்டம் என்று கேட்கத் தெரியாத கருவி, அதன் வேகத்துக்குத் தக்கபடி நஷ்டத்தையும் பெருக்கும்.

பழைய எழுத்துருக்களின் சங்கதி தனி. யூனிகோடு பரவுவதற்கு முன் நம்முடைய அலுவலகங்களில் வானவில் முதலான எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் மலைபோல் இருக்கின்றன. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. உரிய எழுத்துரு இல்லாமல் அந்தப் பழைய கோப்புகளைத் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். இதைக் குப்பை என்று நினைத்து ஓர் உதவியாளன் "சுத்தம்" செய்துவிட்டால்? ஒரு தலைமுறையின் பதிவேடு போய்விடும். தனக்குப் புரியாத எழுத்தைத் தொடாமல் விடுவதும் கருவிக்கு இருக்கவேண்டிய குணமே.

சோதனை என்றால் எது?

"எங்கள் கருவியைச் சோதித்துத்தான் வெளியிட்டோம்" என்று எந்தக் கம்பெனியும் சொல்லும். எப்படிச் சோதித்தார்கள் என்பதுதான் கேள்வி.

கட்டுமரமே பெரிதும் ஓடிய இந்தக் கரைக்கு, 1980-களில் ஒட்டுப்பலகைப் படகு வந்தது. கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகுப் பட்டறை முட்டத்திலேயே நடந்தது. புதுப் படகு நல்ல படகா என்று ஒரு மீனவரைக் கேளுங்கள். கடல் அமைதியாக இருக்கும் நாளில் தள்ளிப் பார்த்து அவர் பதில் சொல்லமாட்டார். கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போகிறதா, பாரத்தோடு திரும்பி வந்து மணலில் ஏறுகிறதா, கவிழ்ந்தால் மிதக்கிறதா என்றுதான் பார்ப்பார். படகுக்கு உள்ள இந்த நியாயம் கருவிக்கும் உண்டு.

நல்ல கோப்பு, தெளிவான கட்டளை, போதுமான இடம் என்று எல்லாம் சரியாக இருக்கும்போது கருவி வேலை செய்வதைப் பார்ப்பது சோதனையில் சிறு பகுதியே. மற்றப் பகுதி முழுவதும் வேண்டுமென்றே தொல்லை கொடுப்பது. கோப்பு காலியாக இருந்தால்? தட்டு நிரம்பியிருந்தால்? எழுத அனுமதி இல்லாவிட்டால்? எழுதும்போது நடுவில் நிறுத்திவிட்டால்? ஒரே கோப்பை இரண்டு உதவியாளர்கள் ஒரே சமயத்தில் திருத்தினால்? கோப்பின் பெயரே தமிழில் இருந்தால்? ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒன்று: மாறவேண்டியது மாறியதா? மற்றொன்று: மாறக்கூடாதது மாறாமல் இருக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சின்னமுட்டத்துப் படகுக்காரருக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இவ்வளவு சோதனை நடைமுறையில் சாத்தியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம். நம்முடைய சட்டைப்பையில் இருக்கும் மொபைல் போனுக்குள் எஸ்.க்யூ.லைட் என்ற தகவல் களஞ்சிய நிரல் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் மிகச் சிலர். அந்த நிரலின் அளவைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் அதிகமான சோதனை நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். நினைவகம் தீர்ந்துபோனால் என்ன ஆகும், எழுதும்போது மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்றெல்லாம் செயற்கையாக விபத்துக்களை உண்டாக்கிப் பார்க்கிறார்கள். நிரலில் மாற்றம் செய்து புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் சோதனைகளை மறுபடி ஓட்டுகிறார்கள். உலகம் அதை நம்பிப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறது. நம்பிக்கை இப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது.

ஒரு வரியின் எடை

"மனிதர்கள் மட்டும் தவறு செய்வதில்லையா?" என்று கேட்பார்கள். செய்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் இந்தக் கடலைக் கலக்கியபோது எந்த ஏ.ஐ.யும் பட்டியல் தயாரிக்கவில்லை. அப்படியிருந்தும் காணாமற்போன மீனவர்கள் எத்தனை பேர் என்பதில் ஒரு பட்டியலுக்கும் மற்றொரு பட்டியலுக்கும் எண்ணிக்கை ஒத்துவராமல் வாதம் நீடித்தது. இந்தக் கரையில் அந்தோணி என்றும் சேவியர் என்றும் மைக்கேல் என்றும் பெயர் கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். ஒரு பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது அந்த வீட்டாருக்கு எத்தகைய கேள்வி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மனிதன் செய்யும் தவறுக்கும் யந்திரம் செய்யும் தவறுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு குமாஸ்தா ஒரு வரியில் தவறினால் அடுத்த வரியில் சந்தேகம் தட்டும். "சின்னமுட்டமும் இதில் வருமா, சார்?" என்று மேலதிகாரியைக் கேட்பார். கருவி ஒரு வரியில் தவறினால் ஆயிரம் வரியிலும் அதே தவறைச் சலிக்காமல் செய்துவிட்டு, "முடிந்தது" என்று சொல்லும். ஆகவேதான் குமாஸ்தாவின் அந்தச் சந்தேகத்தை நாம் கருவிக்குள் வைத்தாகவேண்டும்.

அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் "மாற்றலாமா? மாற்றலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் கருவியும் நல்லதல்ல. இருபது தரம் கேட்டால் இருபத்தோராவது தரம் மனிதன் படிக்காமலே "சரி" என்று அழுத்துவான். அந்த இருபத்தோராவதுதான் ஆபத்தானதாக இருக்கும். திரும்பப் பெறக்கூடிய சிறு மாற்றத்தைக் கேட்காமல் செய்து, செய்ததைக் காட்டலாம். திரும்பப் பெற முடியாததை, பல வரிகளைத் தொடுவதை, அழிப்பதைக் கேட்டே செய்யவேண்டும். எப்போது கேட்பது என்று தெரிந்திருப்பது மனிதனுக்கும் சரி, கருவிக்கும் சரி, பெரிய தகுதி.

செய்யவேண்டியது என்ன?

ஏ.ஐ. உதவியாளனை வேண்டாம் என்று ஒதுக்கிவிட நாம் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் அது பெரும் உதவி செய்யக்கூடியது. பத்து நாள் எழுத்து வேலையைப் பத்து நிமிஷத்தில் முடிக்கக்கூடியது. ஆனால் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டு வாங்கவேண்டும்.

சந்தேகம் வந்தால் நிற்குமா? அனுமதித்த இடத்தைத் தாண்டுமா? பழைய நகல் எங்கே இருக்கும், அதை எங்கள் ஊழியர் தாமே மீட்க முடியுமா? செய்ததை வரிவரியாகக் காட்டுமா? தமிழ்க் கோப்புகளில் சோதித்தீர்களா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கொடுக்காத நிறுவனத்திடம் அரசும் சங்கங்களும் மென்பொருள் வாங்கக்கூடாது. நிவாரணப் பட்டியல் போன்ற கோப்புகளில் முதலில் நகலின் மேல் ஓட்டிப் பார்த்து, மாற்றத்தை ஓர் ஊழியர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே மூலத்தில் ஏற்றவேண்டும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023-ல் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதம் அடுப்பு எரிவது அதை நம்பி என்றால், ஒரு வரி விடுபடுவது எவ்வளவு பெரிய காரியம்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே ஆண்டுதோறும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு விஷயம் தேடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறோம். தமிழ்க் கோப்புகளுக்கென்று ஒரு சோதனைத் தொகுதி தயாரியுங்கள். முட்டமும் சின்னமுட்டமும் அதில் இருக்கட்டும். இரண்டு விதமாக எழுதிய கொட்டில்பாடு இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல், பாதியில் அறுந்த பைல், ஒரே பெயர் கொண்ட நாற்பது மனிதர்கள் எல்லாம் இருக்கட்டும். பெயர்களும் விவரங்களும் கற்பனையாகவே இருக்கட்டும். அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். தமிழில் வேலை செய்யும் என்று சொல்லி வருகிற ஒவ்வொரு கருவியையும் அதில் இறக்கிப் பாருங்கள். எது தேறியது, எது தவறியது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெரிய கம்பெனிகளும் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தங்கள் கருவியைத் திருத்திக்கொள்ளும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஊரின் பெயர்களைத் தெரிந்தவர்கள் தேவை. அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

அடுத்த ஏப்ரல் மாதமும் பட்டியல் தயாராகும். அதைத் தயாரிப்பது மனிதனோ யந்திரமோ, சின்னமுட்டத்து வரியில் சின்னமுட்டத்துத் தேதி இருக்கவேண்டும். அதைக் கருவி செய்கிறவர்கள் உறுதி செய்யட்டும். உறுதி செய்தார்களா என்று நாம் கேட்போம்.